எனக்காக ஜெபித்த ஞாயிற்றுக்கிழமை

செர்ச்சிப்
வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகள் பியாக்கிக்கு அப்பா எழுதுவது. நீ எப்படி இருக்கிறாய் அம்மா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, ஓட்டலில் நாள் பூராவும் நின்றபடியே வேலை செய்து கால் வீங்குகிறது என்று ருவாத்தியிடம் சொன்னாயாமே, அது இப்போது வற்றியதா, பையன் மால்சாமாவுக்கு இருமல் விட்டதா, மாப்பிள்ளைக்குப் பட்டாளத்தில் லீவு எப்போது என்று ஏதாவது தெரிந்ததா. இங்கே ஆண்டவருடைய கிருபையால் நானும் உன் தம்பி முவானாவும் அவன் மனைவி ருவாத்தியும் குழந்தைகளும் சுகமாக இருக்கிறோம். போன் இருக்கும் காலத்தில் அப்பா ஏன் காகிதத்தை எடுத்தார் என்று நீ நினைப்பாய். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, அது ஒன்று. இன்னொன்று, இந்த வீட்டுச் சுவர்கள் உனக்குத் தெரியும், இந்த அறையில் தும்மினால் அடுத்த அறையிலிருந்து சுகமா என்று கேட்பார்கள், நான் சொல்லப்போவதை முவானா கேட்கக் கூடாது. நம் போதகரின் தங்கை மகள் திங்கட்கிழமை பெங்களூருக்குத் திரும்பிப் போகிறாள், அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே அடுப்புக்கு மேல் தொங்கவிட்ட பன்றிக்கறி, காய்ந்த மூங்கில் குருத்து, நம் ஊர் மிளகாய், ருவாத்தி புளிக்க வைத்த சோயா எல்லாம் ஒரு பெட்டியில் வருகிறது. சோயாவை ஐந்து பிளாஸ்டிக் பைக்குள் சுற்றியிருக்கிறாள், போன தடவை விமானத்தில் அதன் வாசனைக்கு யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டைக்கு வந்தார்களாம்.

இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை. ஐஸாலுக்குப் போகும் சாலையில் மறுபடியும் மண் சரிந்து, சூமோ வண்டிகள் பாதி வழியில் ஆட்களை இறக்கி, அந்தப் பக்கம் நடந்துபோய் வேறு வண்டி ஏறச் சொல்கிறார்கள். ருவாத்தியின் முட்டைக்கோஸ் இந்தத் தடவை நன்றாகப் பிடித்திருக்கிறது. குழந்தைகளுக்கு சண்டே ஸ்கூல் பரீட்சை முடிந்தது, பெரியவள் வகுப்பில் இரண்டாவதாக வந்துவிட்டு முதலாவது வந்தவளோடு ஒரு வாரம் பேசவில்லை, இதுதான் நீ படித்த வேதமா என்று கேட்டேன், தாத்தா, அவ கேள்வித்தாள்ல ரெண்டு கேள்வி ஈஸி என்றாள். புதிதாக வந்த போதகர் நல்ல மனிதர், ஆனால் பிரசங்கத்தை எங்கே முடிப்பது என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியாக என்று அவர் சொன்னால் இன்னும் பாதி இருக்கிறது என்று அர்த்தம். முவானா பாட்டுக் குழுவை நடத்துகிறான், சபைக் காரியங்களில் அவனைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள், அடுத்த மூப்பர் தேர்தலில் அவன் பெயர் வரும் என்று பேச்சு. என் கால் விஷயம் உனக்குத் தெரியும். பன்றிக்குத் தீனி வைக்கப் போய் வழுக்கி விழுந்து தொடை எலும்பு உடைந்தது, ஐஸாலில் உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறேன், தனியாக எழுந்து நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பன்றி மட்டும் ஒரு கீறல் இல்லாமல் தின்று கொழுத்துக்கொண்டிருக்கிறது.

இனி நான் எழுத வந்த விஷயம். ஈஸ்டர் அன்று போனில் மால்சாமாவிடம் சண்டே ஸ்கூலில் என்ன பாடம் என்று கேட்டேன். அவன், தாத்தா, போனோம்னு மட்டும் அம்மா சொல்லச் சொன்னாங்க, என்ன பாடம்னு சொல்லித் தரலையே என்றான். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. போனை அம்மாவிடம் கொடு என்றேன், பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்குகிறாயா, இதற்காகவா உன்னைக் கைக்குழந்தையில் இருந்து மழையிலும் பனியிலும் முதுகில் கட்டிக்கொண்டு கோயிலுக்குத் தூக்கிப் போனோம் என்று கத்தினேன். நீ கத்தவில்லை. போகலைன்னு சொன்னா நீங்க அதுக்கப்புறம் பேச மாட்டீங்கப்பா, அதுக்குத்தான் என்றாய். அதோடு வைத்துவிட்டாய். பிறகு நான் ஐஸால் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முவானாவின் போனுக்குக் கூப்பிட்டாய், அக்கா பேசுறா அப்பா என்று அவன் என் காதில் வைத்தான். மயக்க மருந்து தெளிந்து ஒருநாள்கூட ஆகவில்லை. வலி, வாந்தி, நாக்கு தடித்துக் கிடக்கிறது, ஆனாலும் அந்த நாக்கு தானாகவே, இன்னைக்கு ஞாயிறாச்சே, கோயிலுக்குப் போனியா என்று கேட்டது. உன் மூச்சு மட்டும் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. லைன் போய்விட்டது போலிருக்கிறது என்று முவானாவிடம் சொன்னேன். லைன் போகவில்லை என்று அவனுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு நீ ருவாத்தியின் போனில்தான் பேசுகிறாய். உன் பெயரைப் பார்த்ததும் அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். வெளியே வந்ததும் யார் என்று நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. ஆனால் அன்றைக்கு இரவு, மாமா, மாத்திரை போட்டாச்சா, தையல் போட்ட இடம் அரிக்குதா என்று இரண்டு கேள்வி கூடுதலாக வரும். அது யார் கேட்கச் சொன்ன கேள்வி என்று தெரியாத அளவுக்கு நான் இன்னும் கிழவனாகிவிடவில்லை.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ஞாயிறு, நான் வீட்டுல இருக்கட்டுமா அப்பா என்று முவானா கேட்டான். என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். நான் என்ன தொட்டில் பிள்ளையா, ஞாயிற்றுக்கிழமை நான் செத்தே போனாலும் ஆராதனை முடிந்து வந்து பாருங்கள், ஓடிப்போக மாட்டேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், போய்விட்டார்கள். அன்றிலிருந்து அதுவே ஏற்பாடாகிவிட்டது. காலையில் சண்டே ஸ்கூல், வந்து அவசரமாக இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மதிய ஆராதனை, பிறகு பாட்டுப் பயிற்சி, இருட்டும்போது மாலை ஆராதனை. ருவாத்தி எனக்குச் சாப்பாடு எடுத்து மூடி வைத்துவிட்டுப் போகிறாள், பிளாஸ்கில் டீ வைக்கிறாள், அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் கோட்டுப் போட்டு டை கட்டி, ஜன்னலோரம் நாற்காலியில் வேதப்புத்தகத்தோடு உட்காருகிறேன். கோயில் நம் வீட்டுக்குக் கீழே மலைச்சரிவில், அதன் கூரை நம் ஜன்னலுக்கு நேராக இருக்கிறது, பாட்டும் மேளமும் இங்கேயே நடப்பதுபோலக் கேட்கும். ஆனால் தெருவில் ஒரு ஆள் இருக்க மாட்டான். கடை பூட்டியிருக்கும், நாய்கூடக் கோயில் படியில் போய்ப் படுத்திருக்கும். இத்தனை வருஷம் நான் அந்தக் கூரைக்கு உள்ளே இருந்ததால் வெளியே எவ்வளவு வெறிச்சென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாமலே போயிற்று.

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் நடந்ததைச் சொல்கிறேன், பயப்படாதே, இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன். ஆராதனை தொடங்கியது, மேளம் விழுந்தது, முதல் பாட்டு. முதல் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் அல்லவா. கீழே சபை எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது, பெஞ்சுகள் கிறீச்சிட்டன, நானும் எழுந்து நின்றேன். வாக்கரைப் பிடிக்கவில்லை, பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆண்டவருக்கு முன்னால் தடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்று ஒரு வீம்பு. ஒரு அடி பாடினேன், இரண்டாவது அடியில் கால் மடங்கிப் பக்கவாட்டில் விழுந்தேன். நல்லவேளை கம்பி வைத்த பக்கம் இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை, நாற்காலியைப் பிடித்தால் நாற்காலி என் மேல் வருகிறது. போன் அலமாரி மேல் சார்ஜில் இருந்தது. முவானா, முவானா என்று கூப்பிட்டேன். பாட்டுக்கு நடுவில் யாருக்குக் கேட்கும். சரி, ஜெபம் வரும், அப்போது அமைதியாக இருப்பார்கள், அந்த நேரம் பார்த்துக் கூப்பிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பாட்டு முடிந்தது, சுகவீனமாக இருப்பவர்களின் பெயரை வாசித்தார்கள், முதல் பெயர் என்னுடையது. நம் மூப்பர் சாங்ஸுவாலா, காலில் பலவீனம், வீட்டில் இருக்கிறார், அவருக்காக எல்லோரும் ஒருமித்துக் குரலெடுத்து ஜெபிப்போம் என்றார் போதகர். அப்புறம் என்ன, நம் சபை குரலெடுத்து ஜெபித்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், மலை இறங்கி வருவதுபோல. நான் கத்துகிறேன், அவர்கள் எனக்காக என்னைவிடச் சத்தமாகக் கத்துகிறார்கள். நான் முவானா என்கிறேன், அவன் ஆண்டவரே அப்பாவைப் பாரும் என்கிறான். அத்தனை குரலிலும் அவன் குரல் தனியாகத் தெரிந்தது. வாய்க்குள் முணுமுணுக்காதே, நெஞ்சைத் திறந்து ஜெபி என்று சின்ன வயதில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறான். தரையில் கிடந்தபடி எனக்குச் சிரிப்பு வந்தது, அதன் பிறகு அழுகை வந்தது, உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்.

என் சத்தம் கேட்டு வந்தது யார் என்றால், மேல்வீட்டுக் கூமி. உனக்கு ஞாபகம் இருக்கும், தையல் மிஷின் வைத்திருப்பாளே, உன் பள்ளிக்கூட உடுப்பெல்லாம் அவள் தைத்ததுதான். அவளுடைய ஒரே மகன் போதை ஊசிப் பழக்கத்தில் இறந்துபோனதற்குப் பிறகு அவள் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அதனால் அந்த ஞாயிறு நம் தெரு முழுக்க வீட்டில் இருந்தது நானும் அவளும்தான். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள், என்னைப் பார்த்து, என்ன மூப்பரே, கோட்டு டையெல்லாம் போட்டுக்கிட்டுத் தரையில படுத்திருக்கீங்க, இன்னைக்கு ஆராதனை இங்கேயா என்றாள். தூக்கி விடு கூமி என்றேன். அவள் என் பக்கத்தில் நின்றால் என் தோளுக்குக்கூட வர மாட்டாள். நான் தூக்கினா ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்து கிடப்போம், ஜனங்க கோயில் விட்டு வந்து பார்த்தா உங்களுக்குத்தான் கெட்ட பேரு, எனக்கு அது ஏற்கெனவே இருக்கு என்றாள். தலைக்கு ஒரு தலையணை வைத்தாள், காலை அசைத்துப் பார்க்கச் சொன்னாள், வலி எங்கே என்று கேட்டாள், பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். அவங்களைப் போய்க் கூட்டிட்டு வரவா என்று கேட்டாள். வேண்டாம், ஆராதனை நடுவில் வேண்டாம் என்றேன். பியாக்கி, அப்போதும் அதைத்தான் சொன்னேன் என்றால் பார். சரி என்று அவளும் தரையில் உட்கார்ந்துகொண்டாள். போதகர் கடைசியாக என்றார். இன்னும் பாதி இருக்கு என்று நான் சொன்னேன், தெரியும், ஜன்னல் வழியா வாரா வாரம் கேக்குறேனே என்றாள். அவள் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அப்படியானால் ஏன் வருவதில்லை என்று கேட்டேன், வாய் சும்மா இருக்காதே. அவள் கோபப்படவில்லை. மகன் போன பிறகு அந்த பெஞ்சுல உட்கார முடியல, பக்கத்துல அவன் இடம் காலியா இருந்துது, அவ்வளவுதான். நீங்க மூணு மூப்பருங்க வந்தீங்க. ஏன் வரலன்னு கேட்டீங்க, எப்ப வருவேன்னு கேட்டீங்க, ஜெபம் பண்ணிட்டுப் போனீங்க. சாப்பிட்டியான்னு ஒருத்தர் கேட்டிருந்தா அடுத்த வாரமே வந்திருப்பேனோ என்னவோ, தெரியல என்றாள். வேறு நேரமாக இருந்தால் நான் எழுந்து போயிருப்பேன், இல்லை ஒரு வசனம் சொல்லியிருப்பேன். தரையில் கிடக்கிறவன் எங்கே போவது. முழுக்கக் கேட்டேன். கடைசிப் பாட்டுக்கு மேளம் விழுந்ததும் உங்க ஆளுங்க வர்ற நேரம் என்று கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

முவானா வந்து பார்த்து அலறிவிட்டான். நீங்கள் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டு எழுந்திருக்கப் போய் இப்போதுதான் விழுந்தேன் என்று சொன்னேன். மால்சாமாவைப் பொய் சொல்லப் பழக்குகிறாயா என்று உன்னைக் கேட்டேனே, அவனுக்குப் பொய் எந்த வழியாக வந்தது என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். என்னைத் தூக்கி உட்கார வைத்து, கை காலைத் தடவிப் பார்த்துவிட்டு, அப்பா, இன்னைக்கு சபையே உங்களுக்காக ஜெபம் பண்ணுச்சு, அதனாலதான் அடிபடாம தப்பிச்சீங்க என்றான். ஆமாம், கேட்டேன் என்றேன். ருவாத்தி மட்டும் தரையில் கிடந்த தலையணையை எடுத்துத் தட்டியபடி, மாமா, விழும்போதே தலகாணியும் கையுமாத்தான் விழுந்தீங்களா என்று கேட்டு என்னைப் பார்த்தாள். மறுவாரம் கிளம்பும்போது அவள்தான் வாசலில் தயங்கினாள். மாமா, யாராவது இருக்கணும்னா சொல்லுங்க என்றாள். போங்கள் போங்கள், மேளம் அடித்துவிடுவார்கள் என்றேன். இரு என்று ஒரு சொல், இரண்டே எழுத்து, அது என் தொண்டையில் வருவதில்லை. ஏன் என்று இந்த ஒரு மாதமாக யோசிக்கிறேன். முவானா மூப்பராகும் நேரத்தில் ஆராதனைக்கு வராமல் வீட்டில் இருந்தான் என்ற பேச்சு வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது முழு உண்மை இல்லை. தாய் படுக்கையில் இருக்கிறாள், கன்று போட்ட மாடு இருக்கிறது, தூரத்திலிருந்து அண்ணன் வந்திருக்கிறான் என்று ஆராதனைக்கு வராதவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், இதெல்லாம் ஒரு காரணமா என்று கேட்டவன் நான். இப்போது எனக்குத் துணை வேண்டும், அதனால் இரு என்று எந்த வாயால் சொல்வது. கூமி அவள் ஜன்னலிலிருந்து ஞாயிறு மதியம் கையை ஆட்டுகிறாள், நானும் ஆட்டுகிறேன். வா என்று அவளையும் கூப்பிட முடியவில்லை.

நான் கோயிலுக்கு விரோதமாகப் பேசுகிறேன் என்று நினைக்காதே. உங்கள் இருவரையும் கோயிலில் வளர்த்ததற்கு நான் வருத்தப்படவில்லை, உன் அம்மா உயிரோடு இருந்திருந்தாலும் இதையேதான் சொல்வாள், அவள் போன நாளில் நம்மைத் தாங்கியதும் அந்தப் பாட்டுகள்தான். எனக்கு வருத்தம் எல்லாம் வேறு. நான் உங்களை அங்கே போகப் பழக்கினேன், ஒரு தடவைகூடத் தவறவிடாமல் பழக்கினேன். ஆனால் போனாயா போகவில்லையா என்பதைத் தவிர உங்களிடம் வேறு எதையும் கேட்க நான் பழகவில்லை. முவானா நான் சொன்னபடி போகிறான், இன்று நான் தனியாக இருக்கிறேன். நீ போக முடியவில்லை என்று சொல்லப் பயந்து பேச்சையே விட்டாய், அதனாலும் நான் தனியாகத்தான் இருக்கிறேன். போனவனையும் இழந்தேன், போகாதவளையும் இழந்தேன், இதில் எதை நான் சரியாகச் செய்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. ஓட்டலில் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அதிகம், லீவு தர மாட்டார்கள், மாப்பிள்ளை எல்லையில், பையனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடுகிறாய் என்று ருவாத்தி போன வாரம்தான் முதல் தடவையாக வாய்திறந்து சொன்னாள். இது எனக்கு இத்தனை நாள் தெரியாது. தெரியாததற்குக் காரணம் நீ சொல்லாதது இல்லை, நான் கேட்காதது. முடிகிற ஞாயிறு பையனைக் கூட்டிக்கொண்டு போ, பாட்டுக் கேட்கட்டும், நம் ஆட்களின் முகம் பார்க்கட்டும், நம் பேச்சு மறந்துபோகாமல் இருக்கும். முடியாத ஞாயிறு முடியவில்லை என்று என்னிடம் சொல்லச் சொல். தாத்தா கத்த மாட்டார் என்று சொல். அவன் நம்ப மாட்டான், முதல் இரண்டு மூன்று தடவை சோதித்துப் பார்ப்பான், பார்க்கட்டும்.

சில சின்ன விஷயங்கள். காலை வெந்நீரில் உப்புப் போட்டு வை, படுக்கும்போது காலுக்கடியில் தலையணை வை. மிளகாயைப் பையன் கை படாத இடத்தில் வை. பன்றிக்கறியை உங்கள் ஊர் வெயிலில் வெளியே வைக்காதே, பூஞ்சை பிடிக்கும். மாப்பிள்ளை கூப்பிட்டால் மாமா விசாரித்தார் என்று சொல், எப்படி இருக்கிறார் என்றுதான் விசாரித்தேன், வேறு எதையும் விசாரிக்கவில்லை என்றும் சொல். நான் எவ்வளவு நேரம் தரையில் கிடந்தேன் என்பதை முவானாவிடம் சொல்லிவிடாதே. ருவாத்தியிடம் சொன்னால் சொல், அவளுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும்.

ஆண்டவர் உன்னையும் பையனையும் மாப்பிள்ளையையும் காப்பாராக, உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைவேலையை ஆசீர்வதிப்பாராக. கடைசியாக ஒன்று, நம் போதகர் சொல்லும் கடைசி இல்லை, உண்மையான கடைசி. ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு இவர்கள் எல்லோரும் கீழே போய்விடுவார்கள், வர இரண்டரை ஆகும். அந்த நேரத்தில் எனக்குக் கூப்பிடு. என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம், ஒன்றும் பேசாவிட்டாலும் சரி, போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார், நீ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டால் எனக்குப் போதும். வேலையில் இருந்தால் ஐந்து நிமிஷம் ஒதுங்கி வந்து கூப்பிடு. பெங்களூரில் நம் ஆட்கள் கூடும் ஆராதனையும் அதே நேரம்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

உன் அப்பா
சாங்ஸுவாலா